விளக்கேற்றியவரை எழுதினீர்கள், சேலையை எழுதவில்லை

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன மாதம் இங்கே ஒரு கண்காட்சிக்குப் போனேன். ஒரு பிள்ளை பழைய சேலையொன்றைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அம்மம்மா வீட்டின் வரைபடத்தைக் கறுப்பு நூலால் தைத்திருந்தாள். குசினி, கிணறு, மாட்டுக்கொட்டில் எல்லாம் நெருங்கிய தையல். பின்வளவுக்கு வந்ததும் தையல் நின்று, நூல் அப்படியே தொங்குகிறது. கனநேரம் அதன் முன்னால் நின்றேன்.

அடுத்த நாள் பத்திரிகையில் பிரதம விருந்தினர் குத்துவிளக்கேற்றும் படம், பொன்னாடை போர்த்தும் படம். சேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பிள்ளையின் பெயரும் இல்லை.

எனக்கு அந்தப் படைப்பில் ஒரு குறையும் பட்டது. பக்கத்தில் 'இழப்பு' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாள். தொங்கும் நூல் அதை ஏற்கெனவே சொல்லிவிட்டது. அப்புறம், நினைவிலிருந்து வீடு வரைவது எங்களுக்குப் புதிதுமல்ல. 2011இல் ஓவியர் தா. சனாதனன் வெளியிட்ட 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' நூலில் இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து கீறிய வீடுகளும், அவற்றின் கட்டடக்கலை வரைபடங்களும், அவருடைய ஓவியங்களும் சேர்ந்தே வருகின்றன. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. அந்தப் பெயரை, சனம் விட்டுவந்த வீடுகளின் நினைவுக்கு அவர் வைத்தார். இந்தப் பிள்ளை அங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்? நூலும் சேலையும் புதிதாக என்ன தந்தன? இதை யாராவது எழுதியிருந்தால் அவளுக்கும் உதவியிருக்கும், பார்க்கப்போன எங்களுக்கும் உதவியிருக்கும்.

சின்ன ஊர், எல்லாரும் தெரிந்த ஆக்கள், குறை எழுதினால் கோபிப்பார்கள் என்பது விளங்குகிறது. அதைவிடப் பெரிய தயக்கம், போரைப் பற்றிய படைப்பில் குறை சொல்வது பாவம் என்ற எண்ணம். அதனால்தான் தலையறுந்த பனையும் முள்ளுக்கம்பியும் கண்காட்சிக்குக் கண்காட்சி வந்துகொண்டே இருக்கின்றன. அழுகிற தாயின் முகத்தைக் கிட்டப் போய் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். அந்த அம்மாவிடம் கேட்டுத்தான் மாட்டினார்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. சந்திகளில் எழும்பும் சீமெந்துச் சிலைகளைப் பற்றியும் திறப்புவிழாச் செய்தி மட்டும்தான்.

மாதம் அரைப் பக்கம் தாருங்கள். படம் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். எழுதியதற்குக் கோபமாக மறுப்பு வந்தால் அதையும் போடுங்கள். அடுத்த கண்காட்சிக்கு நிருபரை விளக்கேற்றி முடிந்து ஒரு மணித்தியாலம் கழித்து அனுப்புங்கள். சனம் குறைந்திருக்கும், ஒவ்வொன்றின் முன்னாலும் ஆறுதலாக நிற்கலாம்.

இப்படிக்கு,
கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகி