வெற்றுக் கட்டம் 'நோயில்லை' என்று ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களுக்கு நடமாடும் மருத்துவப் பரிசோதனை வாகனம் வருவது பெரிய உதவி. பல தோட்டங்களில் டிரசரும் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) தோட்டத்து ஆஸ்பத்திரியும் இல்லாமல் போன பிறகு, வேலை நாளில் ஈப்போவரை போய்வர முடியாதவர்களுக்கு இந்த முகாம்களே வழி. ஆனால் சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ வருகிறவர்கள் முகாம் முடிந்து கொண்டுபோகும் பரிசோதனைப் பாரத்தை (படிவத்தை) ஒருமுறை வாங்கிப் பாருங்கள். எடை என்ற இடத்தில் ஒரு கோடு. உயரத்துக்கும் ஒரு கோடு. கண், பாதம், மார்பகம் என்ற கட்டங்கள் வெறுமையாக இருக்கும். இரத்த அழுத்தமும் விரல் நுனி இரத்தமும் மட்டும் பார்த்திருப்பார்கள். ஆறு மாதம் கழித்து அதே பாரத்தைக் கிளினிக்கில் நீட்டும்போது, அந்தக் கோடு 'பிரச்சினை இல்லை' என்று படிக்கப்பட்டுவிடுகிறது. இதைத்தான் மாற்றவேண்டும் என்று கேட்கிறோம்.

2023ஆம் ஆண்டு மலேசியத் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது அதிகம். தோட்டப்புறத்தில் கால் இழந்தவர்கள் பலர் இனிப்பு நீரால் இழந்தவர்கள். அப்படியானால் மிச்சமிருக்கும் காலையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் முதலில் பார்க்கவேண்டியது யாருக்கு? அவர்களுடைய பாரத்தில்தான் அதிகக் கோடுகள் இருக்கின்றன.

எடையிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் 'முடியாது' என்று மிகச் சீக்கிரம் கைவிடப்படுவது அதுதான். நிற்க முடியாதவரை இருவர் பிடித்துத் தராசில் நிறுத்தினால், பிடிக்கிறவர்கள் கையில் பாதி எடை போய்விடும், வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. சக்கர நாற்காலியோடு ஏற்றும் தட்டுத் தராசு வேண்டும். முகாமில் அது இல்லையென்றால், ஊரில் இருக்கும் டயாலிசிஸ் மையத்தில் பெரும்பாலும் இருக்கும். அங்கே முன்கூட்டிக் கேட்டு, முகாமுக்கு முந்தைய வாரமே எடை பார்த்துத் தேதியோடு எழுதி வாங்கி வரலாம். ஆளோடு ஒருமுறை, வெறும் நாற்காலியை ஒருமுறை நிறுத்தி, முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழிக்கவேண்டும். இரண்டு முறையும் அதே மெத்தை இருக்கவேண்டும், பின்னால் தொங்கும் பை இருக்கக்கூடாது. இரும்பு நாற்காலி 17 முதல் 20 கிலோவரை இருக்கும், அலுமினியம் குறைவு. 'சுமார்' என்று கழித்தால் கணக்கு தப்பும். நாற்காலியின் எடையை ஒருமுறை சரியாகப் பார்த்து, இருக்கைக்கு அடியில் அழியாத மையால் எழுதி வைத்துவிட்டால் அந்த வேலை தீர்ந்தது.

கால் இழந்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் என்பது உடல் எடையில் சுமார் 5.9 விழுக்காடு. முழுக் கால் சுமார் 16 விழுக்காடு. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்த, 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு 56.5 கிலோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே கணக்கிட்டால் உடல் எடைக் குறியீடு 22.1 வரும், நல்ல எடை என்று அனுப்பிவிடுவார்கள். இழந்த 5.9 விழுக்காட்டையும் கணக்கில் சேர்க்க 56.5ஐ 0.941ஆல் வகுத்தால் 60 கிலோ. இப்போது குறியீடு 23.4. ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனிக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரே மனிதர், ஒரு வகுத்தல் கணக்குதான் வித்தியாசம். நிற்க முடியாதவரின் உயரத்துக்கும் வழி இருக்கிறது. இரு கைகளையும் விரித்து நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தால் ஏறக்குறைய உயரம் வரும். கை மடங்கிப்போனவர்களுக்கு முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு எலும்புவரை அளந்து அட்டவணையில் பார்க்கலாம். ஓர் அளவு நாடா போதும்.

இரத்த அழுத்தம் எல்லாருக்கும் பார்க்கப்படுகிறது, ஆனால் சரியாகப் பார்க்கப்படுவதில்லை. மண்தரையில் நாற்காலியைத் தானே தள்ளி வந்தவருக்கு ஐந்து நிமிடமாவது ஓய்வு கொடுத்துவிட்டுத்தான் பட்டையைச் சுற்றவேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தொங்காமல் பாதப்பலகையில் இருக்கவேண்டும். கை இதயமட்டத்தில் மேசையிலோ தலையணையிலோ தாங்கியிருக்க வேண்டும். மேசைக்கு அடியில் நாற்காலி நுழையாதபோது கையை மடியில் போட்டு அளந்துவிடுகிறார்கள். கை பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தாலே ஏழெட்டுப் புள்ளி கூடுதலாகக் காட்டும். ஊன்றுகோல் பிடித்தும் சக்கரம் தள்ளியும் புஜம் பருத்தவர்களுக்குச் சாதாரணப் பட்டை போதாது. புஜச் சுற்றளவு 32 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரிய பட்டையைக் கேளுங்கள். சின்னப் பட்டை இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் காட்டும். பக்கவாதம் வந்தவருக்கு நல்ல கையில் பார்க்கவேண்டும். டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய் இணைத்த கையில் அழுத்தமும் பார்க்கக்கூடாது, ஊசியும் குத்தக்கூடாது. அந்தக் கையில் ஒரு சிவப்பு நாடா கட்டி அனுப்புங்கள். கூட்டத்தில் வாயால் சொன்னது காதில் விழாது.

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். செம்பனை வெட்டும்போதும் மோட்டார் சைக்கிளிலும் விழுந்து, மார்புக்கு மேல்மட்டத்தில் தண்டுவடம் சேதமான இளைஞர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு மேல் அழுத்தம் இயல்பாகவே 90க்கும் 110க்கும் இடையில் இருக்கும். முகாமில் 135 என்று வந்தால் நல்லது என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அவருடைய வழக்கமான அளவைவிட 20 புள்ளி கூடியிருந்து, கூடவே தலை வலித்து, முகம் சிவந்து, வியர்த்தால் அது ஆபத்து அறிகுறி. பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும், அல்லது சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கும். படுக்க வைக்கக்கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, இடுப்பு வாரையும் இறுக்கமான துணியையும் தளர்த்தி, குழாயின் மடிப்பை நீக்கிப் பையைக் காலிசெய்ய வேண்டும். அழுத்தம் இறங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனை. ஆகவே வழக்கமான அளவை ஓர் அட்டையில் எழுதி ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டையோடு வைத்திருப்பது அவசியம். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவேண்டும், வரிசையில் நிற்கும்போது மடியில் தூக்கி வைத்தால் சிறுநீர் திரும்பிப் போகும்.

வாகனத்தின் படிக்கட்டுக்கு வருவோம். ஒரு படி 20 சென்டிமீட்டர் என்றால் மூன்று படிக்கு 60. சக்கர நாற்காலிச் சரிவுப் பாதைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு 1க்கு 12. அதாவது 60 சென்டிமீட்டர் ஏற 7.2 மீட்டர் நீளச் சரிவு வேண்டும். அதை எந்த வேனும் தூக்கிவர முடியாது. குட்டையான பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து நான்குபேர் தள்ளி ஏற்றுவது பின்பக்கமாகக் கவிழ்வதற்கான வழி. ஆளை மட்டும் தூக்கி உள்ளே வைத்தால் நாற்காலி வெளியே நிற்கும், உள்ளே அவர் சாய்ந்து உட்கார இடமிருக்காது. தூக்கும் மேடை பொருத்திய வாகனம் இல்லாத இடத்தில் நியாயமான வழி, பரிசோதனையைக் கீழே இறக்குவது. அழுத்தம், இரத்தம், பாதம், கையில் பிடிக்கும் கேமராவாக இருந்தால் கண் ஆகியவற்றை மண்டபத்துக்குள்ளேயோ கூடாரத்துக்குள்ளேயோ பார்க்கலாம். அந்த மேசைக்கு அடியில் 70 சென்டிமீட்டராவது காலியிடம் இருந்தால்தான் நாற்காலி நுழையும்.

கூடாரம் திடலில் என்றால் மழைக்குப் பிறகு முன்சக்கரம் சேற்றில் புதையும். நாற்காலியைப் பின்னால் சாய்த்துப் பெரிய சக்கரத்தில் இழுத்து வருவது ஒரு வழிதான், ஆனால் உள்ளே இருப்பவருக்கு அச்சம். 12 மில்லிமீட்டர் பிளைவுட் நாலடிக்கு எட்டடிப் பலகை ஐந்தாறு, நிறுத்துமிடத்திலிருந்து மேசைவரை வரிசையாகப் போட்டால் போதும். தமிழ்ப்பள்ளி மண்டபம், கோயில் மண்டபம் என்று தேர்ந்தெடுக்கும்போதும் சிமெண்டுத் தரை இருக்கிறதா, வாசலில் படி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம்.

கழிவறை பற்றிப் பேச எல்லாருக்கும் கூச்சம். அதனால்தான் அது கவனிக்கப்படுவதே இல்லை. முகாமில் உட்காரும் கழிவறை இல்லை என்று தெரிந்தால், முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். உடலில் நீர் வற்றினால் நரம்பு கிடைக்காது, இரண்டு மூன்று இடத்தில் குத்துவார்கள். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வேறு சேரும். தயவுசெய்து தண்ணீரை நிறுத்தாதீர்கள். பசியாறாமல் வரச்சொன்னாலும் வெறும் தண்ணீர் குடிக்கலாம்.

பசியாறாமல் வருவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. எட்டு மணிக்கு வரச்சொல்லிப் பதினொன்றரைக்குத்தான் இரத்தம் எடுக்கிறார்கள். இன்சுலின் போடுகிறவரும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரும் அன்று காலை என்ன செய்வது என்று கிளினிக்கில் முன்னமே கேட்டு வரவேண்டும், முகாமில் முதல் எண் கேட்டு வாங்கவேண்டும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்து சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுகிறவருக்கும் நினைவு மங்கியவருக்கும் வாயில் ஊற்றக்கூடாது, உடனே அங்குள்ள மருத்துவரைக் கூப்பிடவேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை. அது உண்டா என்று முதலில் கேளுங்கள். விரலில் குத்தும்போது, சக்கரம் தள்ளிக் காய்ப்புக் காய்த்த நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தச் சொல்லவேண்டும். கையைக் கழுவித் துடைத்த பிறகு குத்தவேண்டும். பழம் உரித்த கையில் பார்த்தால் அளவு பொய்யாக ஏறும்.

மணிக்கணக்கில் காத்திருக்கும்போது, உணர்ச்சியில்லாத பிட்டத்தில் புண் வர அதிக நேரம் வேண்டியதில்லை. அரைமணிக்கு ஒருமுறையாவது முன்னே குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் உடல் பாரத்தைப் பிட்டத்திலிருந்து எடுக்கவேண்டும். மெத்தையை எடுத்துவிட்டு முகாமின் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றி உட்கார வைப்பது கூடாது.

உதவ வரும் இளைஞர்களுக்கு ஒன்று. பக்கவாதம் வந்தவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு நழுவிவிடும். பிரேக் போட்டு, பாதப்பலகையை மடக்கி, அவருடைய நல்ல பக்கத்தில் நாற்காலியை வைத்து, இடுப்பைப் பிடித்துத் திருப்புங்கள். உடல் விறைக்கும் பெருமூளை வாதப் பிள்ளைகளின் கையை வலிந்து நீட்டினால் விறைப்பு கூடும். இளகும்வரை பொறுத்துக் குத்தினால் ஒரே முறையில் முடியும். முதுகெலும்புப் பிளவுடன் பிறந்தவர்களுக்கு ரப்பர் ஒவ்வாமை இருக்கலாம். பால் மரத்து ரப்பரில் செய்த கையுறையும் கட்டும் பட்டையும் வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள்.

பெண்கள் விஷயத்தில்தான் வெற்றுக் கட்டங்கள் மிக அதிகம். கருப்பைவாய்ப் பரிசோதனைக் கட்டிலில் ஏறமுடியாது என்பதால் வருடக்கணக்கில் செய்யாமலே இருப்பார்கள். இப்போது கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமிக்கான பரிசோதனைக்கு 30 முதல் 65 வயதுவரையுள்ள பெண்கள் தாங்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக்கொடுக்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. வீட்டுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தே எடுக்கலாம், தாயோ சகோதரியோ உதவலாம். அப்படி ஒரு முறை இருப்பதைத் தாதியரே முன்வந்து சொல்லவேண்டும். மார்பகப் படம் எடுக்கும் பேருந்துக்கு முன்பதிவு செய்யும்போது, நாற்காலியின் கைப்பிடி கழலுமா, நீங்கள் முன்னே சாய்ந்து சில விநாடி அசையாமல் இருக்க முடியுமா என்பதைச் சொல்லி இரட்டை நேரம் கேளுங்கள். முன்பக்கம் திறக்கும் சட்டை நல்லது. அன்று பவுடரோ வாசனைத் திரவியமோ போடவேண்டாம், படத்தில் சுண்ணாம்புப் புள்ளிபோல விழும். 50 வயது கடந்த ஆண் பெண் இருபாலருக்குமான குடல் புற்றுநோய் மலப் பரிசோதனைக்கு எங்கும் ஏறவேண்டியதே இல்லை, சிறு குப்பியில் வீட்டிலேயே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டால் நான்கைந்து மணி நேரம் பார்வை மங்கும். தம்முடைய மூன்று சக்கர மோட்டாரில் வந்தவர் அதை ஓட்டிக்கொண்டு திரும்பமுடியாது. கூட ஆள் வேண்டும்.

குறைந்த வருமானத்தினருக்கான பீக்கா பி40 என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் 500 வெள்ளிவரை (ரிங்கிட்) போக்குவரத்து உதவி இருப்பதாகச் சொல்லிப் பலர் வேன் பிடித்து வருகிறார்கள். அது அத்திட்டத்தின் கீழ் மருத்துவக் கருவியோ புற்றுநோய் சிகிச்சையோ பெறுகிறவர்களுக்கானது, முகாமுக்கு வரும் கூலிக்கு அல்ல. இந்தக் குழப்பத்தால் கடன்பட்டவர்கள் உண்டு. ஏற்பாட்டாளர்கள் தோட்டத்துக்கு ஒரு வேன் என்று பேசி வைப்பதே நல்லது. சமூகநலத் துறையின் கீழ் இயங்கும் சமூக மறுவாழ்வு மையங்களில் சரிவுப் பாதையும் ஏற்ற கழிவறையும் உள்ளவற்றை முகாம் இடமாக ஏன் தேர்ந்தெடுப்பதில்லை என்பது நமக்குப் புரியவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீடு தேடிவரும் பராமரிப்புக் குழு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகள் பலவற்றில் உண்டு. அதில் பெயர் பதிவது முகாமுக்குத் தூக்கிவருவதைவிட மேல்.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இன் 35ஆம் பிரிவு, மற்றவர்களுக்குச் சமமான சுகாதார உரிமை இவர்களுக்கும் உண்டு என்கிறது. அதை வைத்து நாம் கேட்பது சின்னதுதான். பாரத்தில் கோடு போடும் ஒவ்வொரு கட்டத்திலும், அந்தப் பரிசோதனை எந்தக் கிளினிக்கில் எந்தத் தேதியில் செய்யப்படும் என்று எழுதித் தரவேண்டும். எழுதாவிட்டால் மேசையைவிட்டு நகராமல் கேட்டு வாங்குங்கள்.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முகாம் அறிவிப்புகள் தங்கள் பத்திரிகைக்கு வரும்போது தேதியும் இடமும் மட்டுமே இருக்கும். வாசலில் எத்தனை படி, உட்காரும் கழிவறை உண்டா, சக்கர நாற்காலியில் வருகிறவர் முன்கூட்டி அழைக்கவேண்டிய தொலைபேசி எண் எது என்ற மூன்றையும் ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு வாங்கி, அறிவிப்போடு சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப்புற மாற்றுத்திறனாளிகளும் பராமரிப்பாளர்களும்,
சுங்கை சிப்புட், பேரா.