சக்கரத்தில் ஒரு புள்ளி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. "அம்பத்திரண்டு வயசாச்சு, எதுக்காகப் பொறந்தேன்னே தெரியலடா" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்கு அவசரமாக ஏதோ ஆறுதல் எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

முதலில் என் பக்கத்துச் செய்தி. மகள் மேற்படிப்புக்குப் போய்விட்டாள். அவள் அறைக் கதவை நாங்கள் இன்னும் சாத்துவதில்லை. அம்மாவுக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது. உன்னை மட்டும் மறக்கவில்லை, "அந்த ஒசரமான பையன் எப்படி இருக்கான்?" என்று போன வாரம்கூடக் கேட்டார். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் கேள்வியை நானும் நாலைந்து வருஷம் சுமந்திருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை. வேலையில் குறையில்லை, வீட்டில் குறையில்லை. ஆனால் ராத்திரி விளக்கை அணைத்ததும் மனசு வெறிச்சென்று ஆகிவிடும். எனக்கென்று ஒரு நோக்கம் எங்கோ ஒரு பூட்டிய அறையில் தயாராக இருக்கிறது, சாவிதான் கிடைக்கவில்லை என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைதான் என்னை அதிகம் வாட்டியது என்று இப்போது தோன்றுகிறது.

அந்த நாட்களில் டார்வினைப் பற்றி நிறையப் படித்தேன். அப்பா மருத்துவர், மகனும் மருத்துவராக வேண்டுமென்று எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து வராத காலம். ஒரு குழந்தைக்கு நடந்த அறுவை சிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல் பாதியில் ஓடிவந்தவர், இரண்டு வருஷத்தில் படிப்பையே விட்டுவிட்டார். அப்புறம் பாதிரியாராகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கே வண்டு பிடித்துக்கொண்டு திரிந்தார். 1831-இல், 22 வயதில், பீகிள் கப்பலில் போகும் வாய்ப்பு வந்தது. அப்பா வேண்டாம் என்றார். தாய்மாமா பேசித்தான் சம்மதம் வாங்கித் தந்தார். பாதிரியாராகும் எண்ணத்தை டார்வின் முறையாகக் கைவிடவே இல்லை, அது தானாக உதிர்ந்துபோனது. வண்டும் செடியும் கல்லும் பிடிக்கும் என்பதைத் தவிர, கப்பல் ஏறும்போது அந்தப் பையனுக்குத் தன்னைப் பற்றி வேறென்ன தெரிந்திருக்கும்? பின்னாளில் பாறையிலும் கப்பலின் அடியிலும் ஒட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு கடலுயிர்களை எட்டு வருஷம் உட்கார்ந்து ஆராய்ந்தார். எட்டு வருஷம்! அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நெகிழ்கிறது.

விக்டர் ஃபிராங்கலையும் அப்போதுதான் படித்தேன். வியன்னாவில் மனநல மருத்துவர். யூதர் என்பதால் 1942-இல் நாஜிகள் அவரைக் குடும்பத்தோடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அப்பா, அம்மா, மனைவி மூவரும் முகாம்களில் இறந்தார்கள். ஆஷ்விட்ஸ் முகாமுக்குள் நுழைந்தபோது, அங்கிக்குள் மறைத்து வைத்திருந்த புத்தகத்தின் கையெழுத்துப் படியும் போயிற்று. கடைசியில் டைஃபஸ் காய்ச்சலோடு கிடந்தபோது, கிடைத்த துண்டுக் காகிதங்களில் அதன் குறிப்புகளை மறுபடி எழுதினார். உயிரை விடத் துணிந்த இரண்டு சக கைதிகளைப் பற்றி அவர் சொல்கிறார். ஒருவருக்கு வேறொரு நாட்டில் ஒரு பிள்ளை காத்திருந்தது. இன்னொருவர் எழுதிவந்த அறிவியல் நூல்கள் பாதியில் நின்றிருந்தன. வாழ்க்கையிடம் நான் என்ன கேட்பது என்பதை விட்டுவிட்டு, அது என்னிடம் என்ன கேட்கிறது என்று பார்க்கச் சொன்னார் அந்த மனிதர். எனக்கு அது உறைத்தது.

உறைத்த கையோடு நான் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. பார்வையற்ற ஒரு மாணவிக்குப் பாடம் வாசித்துக் காட்ட ஆள் தேவை என்று ஒருவர் சொன்னார், போனேன். இப்போது வாரம் மூன்று மாலை போகிறேன். பயிற்சித் தேர்வென்றால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருப்பாள். என் பேனாவின் சத்தம் நின்ற பிறகுதான் அடுத்த வாக்கியம். முதல் நாள் எனக்கு அது புரியவில்லை. புரிந்த அன்று வீடு திரும்பியதும் படுத்தேன், தூங்கிவிட்டேன். வெகுநாளைக்குப் பிறகு அப்படித் தூங்கினேன்.

இதுதான் என் வாழ்க்கையின் நோக்கமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த மூன்று மாலைகளில் அந்தக் கேள்வி எனக்கு எழுவதில்லை, அது மட்டும் உண்மை. உன்னையும் போய் யாருக்காவது வாசித்துக் காட்டு என்று சொல்ல மாட்டேன். உனக்கு எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அவள் இப்போது முக்கோணவியல் படிக்கிறாள். கணினி எழுத்தையெல்லாம் வாசித்துவிடுகிறது, படம் வந்தால் வாயடைத்துப்போகிறது. சைன் வளைவை அட்டையில் நூல் ஒட்டிச் செய்துகொடுத்தேன். விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். மேடு, பள்ளம், மறுபடி மேடு. விரலை எடுக்காமலே, "இது ஏன் சார் திரும்பத் திரும்ப வருது?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விடுதி மொட்டைமாடியில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, மெல்லச் சுற்றிக்கொண்டே நீ எனக்கு ஏதோ விளக்கினாயே, நினைவிருக்கிறதா? அன்று எனக்குப் பளிச்சென்று விளங்கியது. இன்று அந்தப் புள்ளி மட்டும்தான் நினைவில் நிற்கிறது. அதை அப்படியே எழுதி அனுப்படா. கண்ணால் பார்க்காதவளுக்குப் புரிகிற மாதிரி எழுது, நீளமானாலும் பரவாயில்லை. வியாழக்கிழமை அவளிடம் போகிறேன். அதற்குள் வந்தால் உன் கடிதத்தையே அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்