‘திரித்துவிட்டார்கள்’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள்: திருப்பீடத்துக்கு ஒரு திறந்த மடல்

கலாச்சாரம் மற்றும் கல்விக்கான திருப்பீடத் துறைக்கும், ஒருங்கிணைந்த மனித முன்னேற்றத்துக்கான திருப்பீடத் துறைக்கும்,

வணக்கம்.

2023 மார்ச் 30 அன்று நீங்கள் சேர்ந்து வெளியிட்ட குறிப்பு, ‘கண்டுபிடிப்புக் கோட்பாடு’, அதாவது கண்டுபிடித்த கிறித்தவ அரசுக்கே நிலத்தின் மேல் உரிமை என்ற கருத்து, திருச்சபையின் போதனை அல்ல என்றது. திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கும் நாங்கள் அதை வரவேற்றோம். ஆனால் அதே குறிப்பு, 15ஆம் நூற்றாண்டுத் திருத்தந்தையரின் ஆணை மடல்களைப் போட்டியிட்ட காலனி அரசுகள் அரசியலுக்காகத் திரித்துப் பயன்படுத்திக்கொண்டன என்றும் சொல்கிறது. மடல்களை வரிவரியாகப் படித்தவர்களுக்கு இது தொண்டையில் சிக்குகிறது. அவற்றில் திரிக்க என்ன மிச்சம் இருந்தது?

1452இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் போர்ச்சுகல் மன்னர் ஐந்தாம் அஃபொன்சோவுக்குக் கொடுத்த ‘தும் திவெர்சாஸ்’ மடலும், 1455 ஜனவரி 8 தேதியிட்ட ‘ரொமானுஸ் போந்திஃபெக்ஸ்’ மடலும், முஸ்லிம்களையும் பிற சமயத்தாரையும் படையெடுத்துத் தாக்கவும், வெல்லவும், அடக்கவும், நிரந்தர அடிமைத்தனத்துக்கு உட்படுத்தவும் மன்னருக்கு அதிகாரம் தருகின்றன. சொற்களில் இரட்டைப் பொருள் இல்லை. கான்ஸ்டான்டினோப்பிள் துருக்கியரிடம் வீழ்ந்த 1453ஐ ஒட்டிய காலம் அது, துருக்கியர் பற்றிய அச்சம் உண்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரையில் பிடிபட்டவர்கள் துருக்கியர் அல்லர்.

தேதிகளின் வரிசையைப் பாருங்கள். 1444 ஆகஸ்ட் 8 அன்று போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கர்களை இறக்கிக் கூறுபோட்டார்கள். தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்ததை அரசவை வரலாற்றாசிரியர் சுராரா கலங்கி எழுதுகிறார். அந்த ஆன்மாக்களுக்கு மீட்பு கிடைத்தது என்று அடுத்த மூச்சில் ஆறுதலும் சொல்லிக்கொள்கிறார். ஐந்தில் ஒரு பங்கு இளவரசர் என்ரிக்கேவுக்குப் போனது. மடல்கள் வந்தது இதற்குப் பிறகுதான். கினி மக்கள் பலர் பலவந்தமாகப் பிடிக்கப்பட்டு, சிலர் பண்டமாற்றாக வாங்கப்பட்டுப் போர்ச்சுகலுக்கு வந்ததையும், அவர்களில் நிறையப் பேர் மனம் மாறியதையும் 1455 மடலே மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறது. ரோமுக்கு நடப்பது தெரியும். கொள்ளை முந்தியது, ஆசி பிந்தியது.

ஸ்பெயினிலும் இதே வரிசைதான். 1493இல் திருத்தந்தை ஆறாம் அலெக்சாந்தர் ‘இந்தெர் சேத்தெரா’ மடல் வழியாக அட்லாண்டிக்கின் மேற்குப் பகுதியை ஸ்பெயினுக்கு எழுதிக்கொடுத்தார். 1511 டிசம்பரில் கரீபியக் கடலின் சாந்தோ தொமிங்கோவில் மொந்தெசீனோஸ் என்ற தொமினிக்கத் துறவி பிரசங்க மேடையிலிருந்து ஸ்பானியக் குடியேறிகளை நோக்கி, பூர்வகுடிகளைச் சுட்டி, இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டார். அரசவை கலங்கியது. இறையியலாளர்களையும் சட்ட அறிஞர்களையும் கூட்டியது. கலக்கத்துக்கு மருந்தாக 1513இல் கிடைத்தது, பலாசியோஸ் ரூபியோஸ் என்ற சட்ட அறிஞர் எழுதிய ‘ரெக்கெரிமியென்தோ’, அதாவது ‘கோரிக்கை’.

அது வேலை செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். படைத்தலைவர் ஊரைத் தாக்கும் முன் அதை வாசிக்க வேண்டும். கடவுள் உலகைப் படைத்தார், பேதுருவைத் தலைவராக்கினார், அவர் வழிவந்த திருத்தந்தை இந்த நிலங்களை எங்கள் அரசருக்குத் தானம் செய்தார், ஆகவே பணியுங்கள், யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பணியாவிட்டால் போர், உங்களையும் மனைவி மக்களையும் அடிமையாக்குவோம், அதனால் வரும் சாவுக்கும் இழப்புக்கும் நீங்களே பொறுப்பு, அரசரோ நாங்களோ அல்ல. கடைசியில், இதை வாசித்ததற்கு நோட்டரி எழுத்துச் சான்று தர வேண்டும், உடனிருப்பவர்கள் சாட்சி.

கேட்பவருக்குப் புரிந்ததா என்று சான்றளிக்க யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலும், ஊருக்கு வெளியே இருட்டில் நின்றபடியும், ஆள் ஓடிப்போன வெறும் குடிசைகளைப் பார்த்தும் வாசித்தார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை என்றார் பூர்வகுடிகளுக்காக வாதாடிய தொமினிக்கத் துறவி லாஸ் காசாஸ். நடைமுறை தவறிப்போனது என்று இதைச் சொல்ல முடியாது. சான்றிதழ் கையில் வந்தால் போர் நியாயமான போர். நியாயமான போரில் பிடிபட்டவர் சட்டப்படி அடிமை. சான்றிதழுக்காகத்தான் வாசிப்பே. 1573இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப்பின் ஆணை ‘வெற்றிகொள்ளல்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘அமைதிப்படுத்தல்’ என்று எழுதச் சொன்னது. அதுவும் இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

திருத்தந்தை மூன்றாம் பவுலின் 1537ஆம் ஆண்டு ‘சுப்ளிமிஸ் தேயுஸ்’ மடலை நீங்கள் சுட்டிக்காட்டுகிறீர்கள். பூர்வகுடிகளின் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அது சொன்னது உண்மை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடிமையாக்குவோரைத் திருச்சபையிலிருந்து விலக்க ஸ்பெயினின் தொலேதோ பேராயருக்கு அனுப்பிய தண்டனை ஆணையை, பேரரசர் ஐந்தாம் சார்லஸின் நெருக்கடியால் மறு ஆண்டு, 1538இல், அதே மூன்றாம் பவுல் திரும்பப் பெற்றார். அறிவுரை நின்றது, பல் பிடுங்கப்பட்டது. இதைச் சொல்லாமல் 1537ஐ மட்டும் காட்டுவது பாதிப் பத்திரத்தைக் காட்டி வீட்டை விற்பது போல.

பழங்கதை என்று யாரும் ஒதுக்க முடியாது. 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கண்டுபிடித்த கிறித்தவ அரசுக்கே நிலத்தின் மேலுரிமை, பூர்வகுடிகளுக்கு வசிக்கும் உரிமை மட்டுமே என்றது. 2005இல் ஒனைடா என்ற பூர்வகுடி மக்களுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதியபோதும் அதே நீதிமன்றம் அடிக்குறிப்பில் அந்தக் கோட்பாட்டை எடுத்தாண்டது.

எங்கள் கரைக்கும் இதில் பங்கு உண்டு. 1455 மடல் இந்தியர் வரையிலான கடல் பயணத்தைக் குறிப்பிட்டே உரிமை தந்தது. பின்னர் சேர்ந்த சலுகைகளோடு அந்த உரிமை ‘பதுரவாதோ’ ஆனது, அதாவது திருச்சபைக்குப் போர்ச்சுகல் அரசு புரவலராக இருக்கும் உரிமை. 1606இல் உருவான மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்கு ஆயரை முன்மொழியும் உரிமை லிஸ்பனிடம் இருந்தது. 1950 உடன்பாட்டோடுதான் அது ஒழிந்தது. 1621இல் நல்லூர் கந்தசுவாமி கோயிலை இடித்த ஃபிலிப்பே த ஒலிவேரா, இந்தப் புரவலர் அரசின் படைத்தலைவர்தான்.

நாங்கள் கேட்பது அதிகம் இல்லை. மடல்கள் சம மாண்பைப் ‘போதுமான அளவு பிரதிபலிக்கவில்லை’ என்ற உங்கள் வாசகத்தை மாற்றி, அவை அடிமையாக்க அனுமதி அளித்தன என்று எழுதுங்கள். ‘திரித்து’ என்பதை நீக்குங்கள். 1538ஐச் சேருங்கள். 1452, 1455, 1493 ஆகிய மூன்று மடல்களின் முழு இலத்தீன் மூலத்தையும், அவை எழுதப்பட்ட சூழலை விளக்கும் ஆவணங்களையும், பாதிக்கப்பட்ட மக்களின் மொழிகளில் மொழிபெயர்ப்போடு உங்கள் இணையதளத்தில் வெளியிடுங்கள். அவை செல்லாதவை என்று திருத்தந்தையின் கையொப்பத்தோடு முறையாக அறிவிக்க வழிசெய்யுங்கள். துறைகளின் குறிப்பு அதற்கு ஈடாகாது. முத்திரை வைத்துக் கொடுத்ததை முத்திரை வைத்துத்தான் திரும்பப் பெற வேண்டும்.

இப்படிக்கு,
திருச்சபை வரலாற்று ஆசிரியர்கள் சிலர்