எட்டாவதாக இறங்குபவரை நினைத்து எழுது

பட்டர்வொர்த்
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய விதிமுறை வரைவைப் பொறுமையாகப் படித்தேன். புதன்கிழமை இரவுகளில் கோலாலம்பூரில் நீங்களே ஒரு கிரிக்கெட் லீக் நடத்தப் போகிறீர்கள், அதற்கு உன்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் பெரிய சந்தோஷம். ஆனால் வரைவு எனக்குத் திருப்தியாக இல்லை, பாப்பா. கிரிக்கெட் சட்டங்களை வகுக்கும் எம்சிசி சங்கத்தின் சட்டப் புத்தகத்தில் உள்ள 42 சட்டங்களையும் சுருக்கி எழுதியிருக்கிறாய். அதற்கு அவசியமே இல்லை. "இங்கே சொல்லாத எல்லாவற்றுக்கும் எம்சிசி சட்டமே பொருந்தும்" என்று ஒரு வரி போட்டால் போதும். உங்கள் லீக்குக்கென்று எது மாற வேண்டுமோ அதை மட்டும் எழுது. எழுதும்போது அணியில் நன்றாக ஆடுகிறவரை நினைக்காதே. எட்டாவதாக மட்டை பிடிக்க இறங்குபவரை நினைத்துக்கொள்.

பினாங்கில் வாரநாள் ஆட்டங்களுக்கு நான் நடுவராக நின்ற காலத்தில் ஒரு பையன் வருவான். ஷிப்ட் முடிந்த கையோடு, தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல் மோட்டார் சைக்கிளில் வந்து சேருவான். முதல் விக்கெட் விழுந்ததுமே கால்காப்பைக் கட்டிக்கொண்டு எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். அந்த அணியில் முதலில் இறங்கும் மூன்று பேரும் நல்ல ஆட்டக்காரர்கள். ஓவர் முடியும்வரை மட்டையை விடமாட்டார்கள். கடைசிப் பந்து போட்டு முடிந்ததும் அவன் குனிந்து கால்காப்பின் வாரை ஒவ்வொன்றாகக் கழற்றுவான். பிறகு எதிரணி ஆடும்போது தூரத்தில் நின்று பந்து பொறுக்கிப் போடுவான். பந்துவீசவும் கூப்பிடமாட்டார்கள். சில வாரங்களில் வருவதை நிறுத்திவிட்டான். அணி வெற்றி மேல் வெற்றி பெற்றது, விதியையும் யாரும் மீறவில்லை. அவனுக்கென்று ஒரு விதி எழுதப்படவே இல்லை, அதுதான் நடந்தது. நட்பு ஆட்டம் என்று பெயர் வைத்தால் மட்டும் நட்பு வந்துவிடாது, அதை விதியில் எழுதி வைக்க வேண்டும்.

முதலில் நேரக் கணக்கைப் பார். எட்டு மணிக்கு விளக்கைப் போட்டு, பத்து மணிக்கு அணைத்துவிடுவார்கள் என்கிறாய். வரைவில் அணிக்கு 20 ஓவர் போட்டிருக்கிறாய். நம்மைப் போன்றவர்களுக்கு ஓர் ஓவர் முடிய நான்கு நிமிடம் ஆகும்; புல்லுக்குள் போன பந்தைத் தேடும் நேரம் தனி. 40 ஓவருக்கு 160 நிமிடம், உன்னிடம் இருப்பதோ 120. இங்கிலாந்தில் வாரநாள் மாலை லீக்குகள் 20 ஓவர் ஆடுகின்றன என்றால், அங்கே ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கிறது. தொழில்முறை டி20 வந்த 2003க்கு வெகுநாள் முன்பிருந்தே அவர்கள் வேலை முடிந்து வந்து 20 ஓவர் ஆடிக்கொண்டிருந்தார்கள். நமக்கு வருஷம் முழுக்க ஏழு, ஏழரைக்குள் இருட்டிவிடுகிறது. ஆகவே அணிக்கு எட்டுப் பேர், ஒவ்வோர் அணிக்கும் 12 ஓவர் என்று வை. 24 ஓவருக்கு 96 நிமிடம், இடைவேளைக்குப் பத்து. மிச்சம் இருக்கும் 14 நிமிடம் பந்து தேடவும் பனியில் நனைந்த கையைத் துடைக்கவும் சரியாக இருக்கும்.

பந்துவீச்சில் ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு ஓவர். 12 ஓவரை முடிக்கக் குறைந்தது ஆறு பேர் வீசியே ஆக வேண்டும். விக்கெட் கீப்பர் போக மீதி ஒருவர்தான் சும்மா இருப்பார்; அடுத்த வாரம் அவர் கையில் பந்தைக் கொடுக்கட்டும்.

பேட்டிங்தான் கஷ்டமான இடம். 25 ரன் எடுத்தவர் ஓய்வு பெற வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நல்லதுதான், ஆனால் பாதிதான் நல்லது. தட்டித் தட்டி முப்பது பந்தைத் தின்கிறவரை அது தடுக்காது. அதனால் 25 ரன் அல்லது 12 பந்து, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது வெளியே வர வேண்டும் என்று எழுது. மொத்தம் 72 பந்து. ஒருவர்கூட அவுட் ஆகாவிட்டாலும் ஆறேழு பேராவது மட்டை பிடித்துவிடுவார்கள். விக்கெட் விழும் ஆட்டத்தில் எட்டுப் பேரும் இறங்கிவிடுவார்கள். அப்படியும் யாருக்காவது மட்டை கிடைக்காமல் போனால், அடுத்த புதன்கிழமை அவர்தான் தொடக்க ஆட்டக்காரர். இந்த ஒரு வரியை மட்டும் யார் கெஞ்சினாலும் விட்டுக்கொடுக்காதே.

ஓய்வு பெற்றவர் திரும்ப வரலாமா என்பதையும் தெளிவாக எழுதிவிடு. காயமோ உடல்நலக் குறைவோ இல்லாமல் வெளியே போனவர் மறுபடி ஆட எதிரணித் தலைவரின் சம்மதம் வேண்டும் என்கிறது எம்சிசி சட்டம். சம்மதம் இல்லையென்றால் அவர் ரிட்டயர்ட் அவுட். உங்கள் லீக்கில் நீங்கள்தான் அவரை வெளியே அனுப்புகிறீர்கள், ஆகவே மற்ற எல்லோரும் ஆடி முடித்த பிறகு, போன வரிசையிலேயே திரும்பி வரலாம் என்று எழுது. இல்லாவிட்டால் முதல் வாரமே சண்டை வரும்.

வைட், நோ பாலுக்கு இரண்டு ரன், மறுபந்து கிடையாது. புதிதாகப் பந்து பிடிப்பவர் ஓர் ஓவர் முடிக்கப் பத்துப் பந்து போட்டால் அவருக்கும் கூச்சம், விளக்கு நேரமும் போய்விடும். ஆனால் கடைசி ஓவரில் மட்டும் பழையபடி ஒரு ரன்னும் மறுபந்தும் வேண்டும். யோசித்துப் பார், கடைசிப் பந்தில் நான்கு ரன் தேவை; வீசுபவர் வேண்டுமென்றே எட்டாத தூரத்தில் வைட் போட்டால் இரண்டு ரன்னோடு ஆட்டம் முடிந்துவிடும். அந்தக் கதவை இப்போதே அடைத்துவிடு. தரையில் படாமல் இடுப்புக்கு மேலே நேராக வரும் ஃபுல் டாஸ் எம்சிசி சட்டப்படியே நோ பால்தான், அதில் கை வைக்காதே.

எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்புக்குப் போகும் பந்து காலில் பட்டதாக நடுவர் சொல்லும் அவுட், வேண்டாம் என்பது என் கருத்து. பேட்டிங் அணியிலிருந்துதான் நடுவர் நிற்கப் போகிறார். தன் நண்பனுக்கே கை தூக்கச் சொல்லி ஒருவரைத் தர்மசங்கடத்தில் தள்ளக் கூடாது. மட்டையை வீசாமல் வேண்டுமென்றே காலால் ஸ்டம்பை மறைத்தால் முதலில் ஒரு எச்சரிக்கை, அடுத்த முறை அவுட். பந்துவீச்சாளர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். அவர்களிடம் சியாஸ்ருல் இட்ருஸைப் பற்றிச் சொல்லு. 2023 ஜூலையில் பாயுமாஸ் திடலில் சீனாவுக்கு எதிராக 8 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஏழும் போல்ட், பந்து நேராக ஸ்டம்பில். ஆண்கள் அனைத்துலக டி20 ஆட்டம் ஒன்றில் ஏழு விக்கெட் எடுத்த முதல் ஆளே நம் நாட்டுக்காரர்தான், அதுவும் எந்த நடுவரும் விரலைத் தூக்காமல். ஸ்டம்பைப் பார்த்துப் போட்டால் போதும்.

பந்து வீசுமுன்னே எதிர்முனையிலிருந்து ஓடிப்போகிறவரை ரன் அவுட் செய்வது 2022லிருந்து ரன் அவுட் சட்டத்திலேயே சேர்ந்துவிட்டது. முன்பு அது முறையற்ற ஆட்டம் என்ற சட்டத்தில் இருந்தது. சட்டப்படி சரிதான். என்றாலும் உங்கள் லீக்கில் முதல்முறை எச்சரிக்கை என்று வைப்பதுதான் எனக்குப் பிடிக்கும். காலையிலிருந்து வேலை செய்துவிட்டு வந்தவர் களைப்பில் இரண்டடி முன்னே நிற்பார், திருடவேண்டும் என்று நினைத்திருக்கமாட்டார்.

நடுவராக நிற்பவர்களுக்கு ஒரு யோசனை. பத்து சென் காசுகள் ஆறை இடது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் ஒன்றாக வலது பாக்கெட்டுக்கு மாற்றச் சொல்லு. நான் கடைசிவரை அப்படித்தான் எண்ணினேன். சைகை காட்டியபின் ஸ்கோர் எழுதுபவர் கையைத் தூக்கிப் பதில் காட்டும்வரை அடுத்த பந்தை விடக் கூடாது. கைப்பேசிச் செயலியில் எழுதினாலும் சரி, பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். பத்து மணிக்குப் போனில் சார்ஜ் இறங்கிவிட்டால் யார் ஜெயித்தது என்று கேட்டுக்கொண்டு நிற்பீர்கள்.

பந்து, டேப் சுற்றிய டென்னிஸ் பந்தாகவே இருக்கட்டும். அரைகுறை விளக்கில் தோல் பந்தைப் புதியவர்கள் முன்னால் வீசுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். ஈரத்தில் டேப் உரிந்துவிடும், ஆகவே ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் புதிதாகச் சுற்றிய பந்து.

பெண்கள் எடுக்கும் ரன்னை இரட்டிப்பாகக் கணக்கிடலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அதை எடுத்துவிடு. வினிஃபிரெட் துரைசிங்கம் நாட்டின் பெண்கள் அணிக்கே தலைவராக இருந்தவர். அவருக்கு யாரும் இரட்டை ரன் கொடுக்கவில்லை. நீ ஆஃப் ஸ்பின் போட்டு எத்தனை அண்ணன்மார்களைத் திணறடித்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? எல்லோருக்கும் 12 பந்து, எல்லோருக்கும் இரண்டு ஓவர் என்றால் உனக்கும் அதேதான். அதற்கு மேல் சலுகை தருவது, உன்னை ஆட்டக்காரியாக எண்ணாமல் விருந்தாளியாக நடத்துவதாகும்.

மின்னல் பற்றி வரைவில் ஒரு வரிகூட இல்லை. அதைப் பார்த்து உண்மையில் பயந்துவிட்டேன். கோலாலம்பூர் மழை உனக்குத் தெரியும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்காலம் இடித்துக்கொண்டு வரும், எட்டு மணிக்கும் விடாது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கணும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே ஆட்டத்தை நிறுத்தணும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் திரும்ப இறங்கணும். இதை அணித் தலைவர்கள் பேசி முடிவு செய்வதாக வைக்காதே. ஜெயிக்கிற நிலையில் இருப்பவர் "இன்னும் ஓர் ஓவர்தானே" என்பார். திடலில் இருக்கும் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம், சொன்னால் நின்றுவிட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. ஒதுங்குவதற்கு மரத்தடியும் சுவரில்லாத தகரக் கொட்டகையும் வேண்டாம், காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு அணியும் ஐந்து ஓவராவது ஆடியிருந்தால் முடிவு சொல்லலாம், அனைத்துலக டி20யிலும் அந்தக் கணக்குதான். இல்லையென்றால் புள்ளியைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

புகைமூட்ட நாட்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆட்டம் இல்லை. அப்புறம் நோன்பு மாதம். உங்கள் லீக்கில் பாகிஸ்தான், வங்காளதேச நண்பர்கள் நிறைய இருப்பதாகச் சொன்னாய். மலாய்ப் பையன்களும் வருகிறார்கள். எட்டு மணி ஆட்டம் தராவீஹ் தொழுகை நேரத்தோடு மோதும். அந்த மாதம் லீக்குக்கு விடுமுறை என்று இப்போதே அட்டவணையில் போட்டுவிடு. அவர்கள் வந்து கேட்கும்படி வைக்காதே. தைப்பூச வாரத்துக்கும் தீபாவளி வாரத்துக்கும் நமக்கு விடுமுறை போட்டிருக்கிறாய் அல்லவா, அதே மாதிரி.

தாமதமாக வருபவர்களுக்கு அபராதம் வேண்டாம். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டியவர் என்ன செய்வார்? ஆறு பேர் இருந்தால் ஆட்டம் தொடங்கட்டும். குறைகிற ஆளுக்கு எதிரணி ஃபீல்டிங்குக்கு ஒருவரைக் கடனாகத் தரட்டும். வந்து சேர்ந்ததும் அவர் பேட்டிங் வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் இரண்டு பக்கத்துக்குள் அடக்கிவிடலாம். முதல் ஆட்டத்துக்கு முன்னால் எல்லா அணித் தலைவர்களையும் ஒரு மாமாக் கடையில் உட்காரவைத்து, தே தாரேக் வாங்கிக் கொடுத்து, சத்தமாக வாசித்துக் காட்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

புதிய வரைவை வியாழனுக்குள் அனுப்பு, பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். எத்தனை அணி என்று நீ சொல்லவே இல்லை. அது தெரிந்தால்தான் அட்டவணை போட முடியும். அம்மா கேட்கச் சொன்னாள்: ஆட்டம் முடிந்து வீடு சேரப் பதினொன்று ஆகிவிடுமே, சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?

அன்புடன்,
அப்பா