தண்ணீர் வந்த ஆண்டில் நனைந்த நெல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 எப்படிப் போனது, 2026-இல் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்துக் குப்பையில் போடுவதில்லை. பின்பக்கத்தில் மழை, ஆள்கூலி, உரக் கணக்கு எல்லாம் எழுதிக் கம்பியில் குத்தி வைப்பேன். அந்தக் கம்பியை இறக்கிவைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு, ஜூன் 15 கல்லணை திறப்பு. ஆறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, பாமணியாற்றில் இறங்கி, எங்கள் வாய்க்காலுக்கு வந்தது ஜூன் 24. தாளில் 'தண்ணி வந்தாச்சு' என்று ஒரே வரிதான் இருக்கிறது. 2023-இல் சொன்ன தேதிக்குத் திறந்தார்கள். ஆனால் அணையில் நீர் இல்லாமல் அக்டோபர் 10-ஆம் தேதி மூடிவிட்டார்கள். 2024-இல் திறப்பே ஜூலை 28. ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்லான குறுவைக்கு ஆற்றை நம்பியிருந்தவன் கை கட்டி உட்கார்ந்திருந்தான். அப்படி இரண்டு வருடம் பட்டவர்களுக்கு, இந்த ஜூன் 29-ஆம் தேதியே அணை முழு மட்டமான 120 அடியைத் தொட்டது என்ற செய்தி கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. டீக்கடையில் அன்றைக்கு எனக்கு ஓசி டீ.

மூன்று ஏக்கரில் கோ 51 ரக நெல் போட்டேன். பூச்சி தொந்தரவு பெரிதாக இல்லை. கதிர் நன்றாக வாங்கியது. அக்டோபர் 14-ஆம் தேதி பெல்ட் அறுவடை மிஷின் இறங்கி ஒரே மத்தியானத்தில் அறுத்துக் கொட்டிவிட்டுப் போனது. அக்டோபர் 16-ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை மையம் அறிவித்தது.

அதற்குப் பிறகு பதின்மூன்று தாள்களில் ஒரே சமாச்சாரம்தான்: 'நெல் ரோட்டில்.'

எங்கள் பக்கத்து அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் எனக்கு முன்னால் நாற்பது குவியல்கள். ஒருநாள் சாக்கு இல்லை, ஒருநாள் எடுத்த மூட்டையை ஏற்றிப்போக லாரி இல்லை, ஒருநாள் மழை. தீபாவளியன்று காலையில் வெயில் எட்டிப் பார்த்ததும் தார்ப்பாயை விலக்கினேன். குப்பென்று ஆவி அடித்தது. குவியலுக்குள் கையை விட்டால் இட்லிக் கொப்பரைக்குள் விட்டதுபோலச் சூடு. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு நெல் ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. என் மனைவி ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "நாத்தங்கால்ல கூட இவ்வளவு சீரா முளைக்கலியே" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் எடுப்பார்கள். என் நெல் மிஷினில் 21 காட்டியது. 22 சதவீதம் வரை தளர்த்தும்படி மாநில அரசு கேட்டது. மத்தியக் குழுவும் வந்து மாதிரி எடுத்துப் போனது. மழை அந்த உத்தரவுத் தாளுக்காகக் காத்திருக்கவில்லை. கடைசியில் ரோட்டில் துழாவித் துழாவிக் காயவைத்து, அக்டோபர் 27-இல் எடை போட்டேன். குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். விலையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முளைத்தும் கறுத்தும் கழிந்தது அறுபது கிலோ மூட்டையில் பன்னிரண்டு. பதினெட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்.

இதை அதிகாரிகளின் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. என் அப்பா காலத்தில் கையறுப்பு. கட்டு கட்டிக் களத்துக்கு வந்து, போர் போட்டு, அடித்துத் தூற்றி மூட்டை பிடிக்க வாரக்கணக்காகும். நெல்லும் அதற்குள் காய்ந்துவிடும். இன்றைக்கு ஊர் முழுக்க ஒரே ரகம், ஒரே வாரத்தில் நடவு. மிஷின் வந்தால் இரண்டு நாளில் ஊரின் மொத்த நெல்லும் பச்சை ஈரத்தோடு வெளியே வந்து விழுகிறது. அதை வாங்கிப் போட இடம்? களம் இருந்த இடங்களையெல்லாம் நாங்கள்தான் தின்றோம். எங்கள் குடும்பக் களத்தில் இப்போது என் தம்பியின் மாடி வீடு நிற்கிறது. பத்திரத்தில் நானும்தான் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் கடைசியில் டிட்வா புயல். இலங்கையில் மலையே சரிந்து ஊர்களை மூடிய படங்களைப் பார்த்த பிறகு, வயலில் நின்ற தண்ணீரைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. இருந்தாலும் சொல்கிறேன்: சம்பா நெல் நான்கு நாள் மூழ்கிக் கிடந்தது. வடிகாலில் ஆகாயத்தாமரை பாய் விரித்த மாதிரி அடைத்துக் கிடந்ததுதான் காரணம். நாங்கள் ஏழு பேர் இறங்கி இழுத்துப் போட்டோம். பயிர் தேறிவிட்டது. இந்த மார்கழிப் பனியில் கதிர் வெளியே வந்துகொண்டிருக்கிறது. தை கடைசியில் அறுப்பு.

அடுத்த ஆண்டு தேர்தல் ஆண்டு. டெல்டாவுக்கு வரும் ஒவ்வொரு மேடையிலும் காவிரி ஓடும், டி.எம்.சி. என்று அணைத் தண்ணீர்க் கணக்கு ஓடும். ஓடட்டும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்கப்போவது, ஊருக்கு ஒரு சிமெண்டுக் களம், அதன் மேல் ஒரு கூரை. முடிந்தால் நாலு ஊருக்குப் பொதுவாக ஒரு நெல் உலர்த்தும் இயந்திரம். ஊர்க்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: வருகிற குறுவைக்கு ஒரு பாதிப் பேராவது பத்து நாள் முன்பின்னாக விதை விடுவோமா? கூட்டம் போட்டுப் பேசிப் பார்த்தேன். "நீ முதல்ல தள்ளிப் போடு" என்றார்கள். போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

உரக்கடையில் புதுக் காலண்டர் கொடுத்துவிட்டார்கள். வழக்கம்போல ஜூன் 12-ஐ வட்டமிட்டேன். அப்புறம் அக்டோபர் தாள்களுக்குப் போய், நடுவில் ஒன்றில் 'தார்ப்பாய் 4, சாக்கு 50' என்று எழுதிவைத்தேன். அந்த வாரத்துக்கு மொட்டை மாடியைத் தருவாயா என்று தம்பியிடம் இப்போதே கேட்டுவிட்டேன். "பாக்கலாம்ண்ணே" என்கிறான்.

இப்படிக்கு,
ஒரு குறுவை விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.