கரண்டு வண்டி எடுக்க நினைக்கும் தொண்டி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போனில் நீ கேட்டது ஒரே வரி. "மாமா, டீசல் குட்டி யானை லோடு வண்டியைக் கொடுத்துட்டு கரண்டு வண்டி எடுத்தா கட்டுபடியாகுமா?" மீன் ஏலத்தில் நின்றுகொண்டிருந்தேன், ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதே கேள்வியை உச்சிப்புளியிலும் கீழக்கரையிலும் இன்னும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன். ஊரறியக் கடன் கணக்குப் பேசுகிறேன் என்று அக்கா திட்டும், நீதான் சமாளிக்க வேண்டும்.

முதலில் எல்லாரும் வாய் பிளக்கிற கணக்கைப் பார்ப்போம். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் மார்க்கெட் போய் வந்து, வழியில் கடைகளுக்கும் இறக்கினால் எனக்கு ஒரு நாளைக்கு 90 கிலோமீட்டர் ஓடும். வண்டியில் 21 யூனிட் பேட்டரி. வீடு திரும்பும்போது 15 சதவீதம் மிச்சம் நிற்கும். திரும்ப நிரப்ப மீட்டரில் 20 யூனிட் ஏறுகிறது, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து. கமர்ஷியல் சர்வீஸில் யூனிட் சுமார் 10 ரூபாய் என்று போட்டால் 200 ரூபாய். அதே ஓட்டத்துக்கு டீசல் வண்டி லோடோடு லிட்டருக்கு 18 கொடுத்தால் 5 லிட்டர். லிட்டர் 93 என்றால் 465 ரூபாய். ஆக நாளைக்கு 265 மிச்சம்.

வீட்டு லைனிலேயே சொருகிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினாலே ஸ்லாப் மாறும், வண்டிக்கு மட்டும் ஆயிரம் யூனிட்டுக்கு மேல் போகும். வீட்டு இணைப்பில் வியாபாரம் செய்கிறாய் என்று ஈ.பி.காரர் எழுதிவிட்டுப் போனால் அபராதம் வேறு.

இப்போது யாரும் சொல்லாத கணக்குக்கு வருகிறேன். நான் வாங்கும்போது டீசலுக்கும் கரண்டுக்கும் கொட்டேஷனில் வித்தியாசம் கிட்டத்தட்ட 4 லட்சம். நாளுக்கு 265 வீதம், மாதம் 26 நாள் என்று விற்பனைக்காரர் பெருக்கிக் காட்டினார், அஞ்சு வருஷத்துக்குள் முதல் திரும்பிவிடும் என்றார். அவர் நம்ம கரையில் ஒரு வருஷம் இருந்து பார்த்ததில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருகிற நண்டும் கணவாயும் பாதி லோடுகூட ஆகாது. ஐப்பசி கார்த்திகையில் புயல் கூண்டு ஏற்றினால் படகு கடலுக்குப் போக டோக்கன் கிடையாது. எழுதி வைத்த நோட்டைப் புரட்டினேன், உருப்படியாக ஓடியது வருஷத்துக்கு 260 நாள்தான். 68,900 ரூபாய். ஆயில், ஃபில்டர், கிளட்ச் செலவு இல்லாததில் ஒரு 12,000 சேர்த்துக்கொள். 81,000 வருகிறது. ஆனால் அந்த அதிகப்படி 4 லட்சமும் கடன்தான். 11 சதவீதம் என்றால் முதல் வருஷ வட்டி மட்டும் 44,000. கையில் நின்றது 37,000. ஒரு சின்னப் பசு மாடு வாங்கலாம்!

இதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதே. எனக்குக் கணக்கு நேரானது ரெண்டாவது வருஷம்தான். ராமநாதபுரத்தில் சரக்கு இறக்குகிற ஐஸ் பேக்டரியில் பேசி, மதியம் மூணு மணி நேரம் 15 ஆம்பியர் பிளக்கில் சொருக இடம் வாங்கினேன். ஒன்பது பத்து யூனிட் ஏறும், அதில் இன்னொரு 45 கிலோமீட்டர் வரும். சாயங்காலம் தண்ணீர் கேன் லோடு ஒன்று பிடித்தேன். நாளைக்கு 135 கிலோமீட்டர் ஆனதும் மிச்சம் 400 ரூபாய் பக்கம் வந்துவிட்டது. தடைக்காலத்திலும் தண்ணீர் கேன் நிற்காது பார், நம்ம மாவட்டத்தில் தண்ணீருக்குத் தடையே வேறு வகை.

அடுத்து உப்பு. இதை நிதானமாகப் படி. புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பெயின்டும் போட்டுத்தான் 2025ல் திறந்தார்கள். உன் வண்டி எம்மாத்திரம்? பேட்டரிக்குள் தண்ணீர் போகாது, ஐ.பி.67 என்பார்கள். உண்மைதான், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வைத்துச் சோதிக்கிறார்கள். ஆனால் அது நல்ல தண்ணீர். நமக்கு மீன் பெட்டியிலிருந்து உருகின ஐஸ் தண்ணீர் நாள் முழுக்கச் சேஸிஸில் சொட்டுகிறது. அது பேட்டரியைத் தின்னாது. ஒயர் இணைப்பு, போல்ட், பிரேக் எல்லாவற்றையும் மெல்ல மெல்லத் தின்னும். கரண்டு வண்டியில் ஆக்ஸிலேட்டரை விட்டாலே மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறைவு. லைனிங் தேயாது என்று சந்தோஷப்பட்டேன். தேயாத டிரம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது! இப்போது மூணு மாசத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்கிறேன்.

கழுவினால் சரியாகிவிடுமே என்பாய். எதில் கழுவுவாய்? போர் தண்ணீரே உப்பு. லாரித் தண்ணீர் வாங்கிக் கழுவுகிறேன், வாரம் ரெண்டு தடவை. அந்தச் செலவு எந்தக் கொட்டேஷனிலும் இல்லை. பிரஷர் பம்பை மட்டும் ஹை வோல்டேஜ் ஓடுகிற ஆரஞ்சு நிற ஒயர் இருக்கிற பக்கம் காட்டாதே. அந்த ஒயரில் நம்ம ஊர் மெக்கானிக் கை வைக்கவும் விடாதே.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜிங் மூடி உடைந்ததைப் பார்த்தும் நாளைக்கு நாளைக்கு என்று விட்டேன். ஒரு ஐப்பசி ராத்திரி சொருகினால் சார்ஜ் ஏறவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சொருகுகிற முனையெல்லாம் பச்சைக் களிம்பு. விடிகாலை மூணு மணிக்கு நண்டு ஏற்ற வேண்டும். 2,500 வாடகைக்கு டீசல் வண்டி பிடித்தேன். மதுரையிலிருந்து ஆள் வர மூணு நாள். உடைந்த மூடி என் தப்பு, வாரண்டியில் வராது, 14,000 போனது. டீசல் வண்டி நின்றால் ரோட்டோர ஆள் எவனாவது தட்டிக் கொட்டி ஓட்டிவிடுவான். இதில் காத்திருக்கத்தான் வேண்டும். வருஷத்துக்கு ஒரு வாரம் வாடகை வண்டி பிடிக்கிற காசை ஒதுக்கி வை.

எர்த்தும் கவனம். நல்ல எர்த் இல்லாவிட்டால் சார்ஜர் வேலையே செய்யாது. உப்பு மண்ணில் இரும்புக் குழாய் அரித்துப்போகிறது, செம்புக் கம்பி இறக்கு. தடைக்காலத்தில் வண்டியைச் சும்மா நிறுத்தினால் பெரிய பேட்டரி நிறைய இருந்தும் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்து வண்டி எழும்பாது. வாரம் ஒருமுறை பேருக்காவது ஓட்டு.

சர்க்கார் பக்கம் சில சலுகை உண்டு. ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2018லிருந்து பெர்மிட் வேண்டாம். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில் 2022ல் 15 சதவீதத் தள்ளுபடி கொடுத்தார்கள். ஆனால் வண்டி விலை கூட என்பதால் சொந்த டேமேஜ் பிரீமியம் அதைச் சாப்பிட்டுவிடும். எஃப்.சி., அதாவது வண்டித் தகுதிச் சான்று, எப்போதும்போலத்தான்.

கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016லிருந்து ஓடுகிறது, நாமும் கூரையில் தகடு போட்டால் என்ன என்று கேட்டாய். வெயில் அடிக்கிற நேரம் உன் வண்டி ரோட்டில் இருக்கும் மாப்பிள்ளை. அதை அப்புறம் பார்ப்போம்.

இப்போதைக்கு ஒன்று செய். இருக்கிற டீசல் வண்டியில் ஒரு மாசம் தினமும் எத்தனை கிலோமீட்டர், எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று நோட்டில் எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. வண்டி நிறுத்தப் போகிற கொட்டகையிலிருந்து ஈ.பி. போஸ்ட் எத்தனை அடி என்று அளந்து அதையும் எழுது. கடலைப் பார்த்த பக்கம் கொட்டகைக்குச் சுவர் இருக்கிறதா?

உன் மாமா,
மண்டபம்