நாலு நாளு ஊமையா கெடந்த போனு

மாப்ள,

நாலு நாளா வாய்ஸ் மெசேஜுக்குப் பதிலே இல்லன்னு எங்க வீட்ல அவ நம்பருக்குப் போட்டு கத்துனியாம்ல. கோவப்படாதல, போனு தண்ணிக்குள்ள விழுந்துட்டு. இப்பகூட அத முழுசா நம்ப முடியாம கம்ப்யூட்டர்ல என்விடிஏ வச்சுதான் இத அடிக்கேன், கண்ணு தெரியாத நமக்கு ஸ்கிரீன்ல உள்ளத வாசிச்சுக் காட்டுத சாஃப்ட்வேரு அதானல, அதுல பேசுத ஈஸ்பீக் குரலு தமிழ் வாசிக்க லெச்சணம் உனக்கே தெரியும், எழுத்துப்பிழ இருந்தா பழிய அது மேல போடு.

ஆத்துலயா குத்தாலத்துலயான்னு கேப்ப. அதான் இல்ல. போன ஞாயித்துக்கிழம குத்தாலம் போனோம், சாரல் நல்லா அடிக்கு, அஞ்சருவில கூட்டம் ஏறி மிதிக்கு, அங்க ரெண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு சுத்தி மைனி பைக்குள்ள குடுத்து ஒரு சொட்டு படாம கொண்டு வந்து சேத்தாச்சு. மறுநாள் வீட்டு அடுக்களையில குனியும்போது சட்டப்பையில இருந்து நழுவி நேரா கழனித்தண்ணி வாளிக்குள்ள! பக்கத்து வீட்டு ஆச்சி மாட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு வச்சிருந்தது. அரிசி கழுவுன தண்ணில விழுந்தத எடுத்து அரிசிக்குள்ளயே போட்டு வையின்னு அந்த ஆச்சியே சொல்லுதாவ, எனக்குச் சிரிக்கதா அழுவதான்னு தெரியல. அரிசில போடாதீங்க, தூசி துணுக்கு உள்ள போயி இன்னும் கெடுத்துரும்னு ஆப்பிள்காரனே 2024ல சொல்லிட்டான். நம்மது ஆண்ட்ராய்டுதான், ஆனா ஓட்டை ஓட்டைதானல.

வீட்ல யாரும் கெடையாது அப்ப. மொதல்ல ஆஃப் பண்ணணும்லா, அங்கதான் வென. கண்ணாடி பூரா ஈரம், நான் ஒரு விரல் வச்சா அது நாலு விரல்னு நெனக்கு, போன்ல உள்ளத வாசிச்சுக் காட்டுத டாக்பேக் கண்டதையும் வாசிக்கு, பவர் பட்டன அமுக்கினா மெனு வருது ஆனா ஆஃபுங்க இடத்துல நிக்க மாட்டேங்கு. வேட்டி நுனியால தொடச்சி தொடச்சி ஆறேழு தடவ பாத்தபொறவு டிர்ர்னு ஒரு அதிர்வு வந்து அடங்குச்சு. அடுத்தால சிம் தட்டு. அவ கம்மல் கம்பிய எடுத்து குத்தப் போனேன், நல்லவேள நிதானிச்சேன், ஏன்னா பக்கத்துலயே மைக் ஓட்டையும் அதே அளவுல இருக்குல. நகத்தால தடவி தட்டச் சுத்தி ஓடுத கோட்டக் கண்டுபுடிச்சி, கோட்டுக்குள்ள இருக்க ஓட்டையிலதான் குத்தணும். இத நீ நெனப்புல வச்சுக்க, மைக்க ஓட்ட போட்டுட்டா பொறவு பேசவும் முடியாது. சார்ஜ் ஓட்டைய கீழ பாக்க நிமித்தி ஃபேனுக்கு முன்னால வச்சேன், ரெண்டு நாளு சார்ஜ் பக்கமே போகல, ஈரத்துல கரண்ட் போனா உள்ள அரிச்சுரும்.

அந்த ரெண்டு நாளும் துட்டுதான் பாடாபடுத்திட்டு. ரிசர்வ் பேங்க் 2020 ஜனவரில விட்டாம்லா, நோட்ட கேமராவுல காட்டுனா எத்தன ரூவான்னு சொல்லுத மணி ஆப், அது இல்லாம கடைக்குப் போனாத்தான் தெரியுது. புது நூறு ரூவா நோட்டு நீளம் 142 மில்லி, இரநூறு 146, ஐநூறு 150, அகலம் மூணுக்கும் 66. நாலு நாலு மில்லியா வித்தியாசத்த வச்சி பஸ் ஸ்டாண்டுல நின்னு எப்புடிலே தடவி பாக்கது? ஆட்டோ அண்ணாச்சி நல்ல மனுசன், "சார் இது இரநூறு"ன்னு திருப்பிக் குடுத்தாவ.

மூணாம் நாளு போட்டா ஆன் ஆவுது, ஆனா சத்தம் பானைக்குள்ள இருந்து பேசுத மாரி. காத ஸ்பீக்கர்ல ஒட்ட வச்சிதான் பின் நம்பரே அடிச்சேன். பாத்தவுங்க எல்லாம் "டிஸ்பிளே பளிச்சுன்னு இருக்கே, போனு நல்லாத்தான் இருக்கு"ங்காவ. அவியளுக்கு நல்லாருக்கு. எனக்கு ஸ்பீக்கர்தானல டிஸ்பிளே.

வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு கடையில குடுத்தேன். கஞ்சித்தண்ணி காஞ்சி உள்ள பிசினு மாரி ஒட்டிருக்குன்னு ஆல்கஹால் வச்சி கழுவி, ஸ்பீக்கரும் மாத்தி, 850 ரூவா. பின் நம்பர் கேட்டான், கடையில நாலு பேரு நிக்காவ, சத்தமா சொல்லச் சொல்லுதான், கிட்ட வாலேன்னு காதுல சொன்னேன். (அன்னைக்கு ராத்திரியே மாத்திரலாம்னு நெனச்சேன், கேளு கதய.) சாயங்காலம் பாட்டு போட்டுக் காட்டுனான், கணீர்னு கேக்கு. வீட்டுக்கு வந்து தொட்டா மூச்சே இல்ல.

ராத்திரி பூரா அவன வஞ்சேன். புது போனு வாங்கணும், பேங்க் ஆப்ப மறுபடி போடணும், அது மொகத்தக் காட்டு கண்ணச் சிமிட்டுன்னு நிக்கும், சிமிட்டுததுக்கு வேற வழி வைங்கன்னு சுப்ரீம் கோர்ட் 2025 ஏப்ரல் 30ல சொல்லிட்டுதான், ஆனா நம்ம ஆப்புக்கு அது எட்டிருக்கான்னு போட்டுப் பாத்தாத்தான தெரியும், இப்படியே ஓடுது மனசு. விடிஞ்சி அவ போன்ல இருந்து எனக்கு ரிங் விட்டா, தெருவே எந்திரிக்க மாரி அடிக்கு! அப்ப ஸ்பீக்கர் நல்லாத்தான இருக்கு? ரெண்டு வால்யூம் பட்டனையும் சேத்து அமுக்கி மூணு எண்ணுனேன். "டாக்பேக் ஆன்." எட்டு மணி நேரம் ஒரு கோட்டிப்பய பக்கத்துல சும்மா படுத்திருந்திருக்கு அது.

மறுபடி கடைக்குப் போயி கேட்டேன். அந்தப் பையன் சொல்லுதான், "அது பேசிக்கிட்டே இருந்துச்சு சார், ஒரு தட்டு தட்டுனா தொறக்கவும் மாட்டேங்கு, அதான் நிப்பாட்டுனேன்." ரிப்பேருன்னே நெனச்சிருக்கான்ல! ஏச வாய் வரல. ரெண்டு தட்டு தட்டணும், ரெண்டு விரலால தள்ளணும்னு அங்கனயே ஸ்டூல் போட்டு சொல்லிக் குடுத்தேன், வெரசா புடிச்சிக்கிட்டான், டீயும் வாங்கித் தந்தான். பின் நம்பரயும் மாத்தியாச்சு.

உங்கம்மா முட்டுவலி எப்படி இருக்கு? மவன் காலேஜ் சேந்துட்டானா? சாரல் முடியுததுக்குள்ள ஒரு எட்டு வந்துட்டுப் போ, குத்தாலம் போவோம். அந்த ரெண்டு கவரும் காயப்போட்டு வச்சிருக்கேன், ஒண்ணு உனக்கு.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையில உன் பக்கத்து பெஞ்சுக்காரன்